டி டிரைவ் எங்கே போனது? விண்டோஸும் லினக்ஸும் உள்ள கணினியில் இரண்டாவது பார்ட்டிஷனைத் திறப்பது

விண்டோஸ் இருந்த கணினியில் பக்கத்திலேயே லினக்ஸையும் நிறுவியாயிற்று. நிறுவும்போது எதுவும் அழிந்துவிடவில்லை, நல்லது. ஆனால் லினக்ஸில் நுழைந்து, டி டிரைவில் வைத்திருந்த படங்களையும் பாட்டுகளையும் தேடினால் டி டிரைவ் என்ற பெயரையே எங்கும் காணோம். அல்லது ஒரு டிரைவ் தெரிகிறது, தட்டினால் திறக்க மறுக்கிறது. அல்லது திறக்கிறது, ஆனால் உள்ளே ஒரு கோப்பைக்கூடச் சேமிக்க முடியவில்லை. புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது இந்த மூன்றில் ஒன்றில்தான்.

கோப்புகள் தொலைந்துவிடவில்லை. அந்த இடத்திலேயே இருக்கின்றன. பழியை எடுத்தவுடன் லினக்ஸ் மேல் போடவும் வேண்டாம். பெரும்பாலும் சிக்கல் விண்டோஸ் பக்கம்தான் தொடங்குகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி வேலை விண்டோஸிலேயே நடக்கும். உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்ற இரண்டு லினக்ஸ் வகைகளிலும் இருக்கும் ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியை வைத்து விளக்குகிறேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் பக்கம் போக வேண்டிய தேவை அநேகமாக வராது.

முதலில் மூன்று சொற்கள்

பார்ட்டிஷன் என்பது ஹார்டு டிஸ்க்கில் தடுப்பு வைத்துப் பிரித்த ஓர் அறை. அந்த அறைக்குள் பொருள்களை எப்படி அடுக்குவது, எப்படிக் கணக்கு எழுதுவது என்ற முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். விண்டோஸின் முறை என்டிஎஃப்எஸ். 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்தது. லினக்ஸில் பரவலாக இருப்பது இஎக்ஸ்டி4. லினக்ஸுக்கு இரண்டு முறையும் படிக்கவும் எழுதவும் தெரியும். விண்டோஸுக்கு இஎக்ஸ்டி4 நேரடியாகப் புரியாது. எனவே இரண்டு பக்கமும் பயன்படுத்த வேண்டிய பார்ட்டிஷன் என்டிஎஃப்எஸ் ஆக இருப்பதுதான் வசதி.

மூன்றாவது சொல் மவுண்ட். விண்டோஸ் ஒவ்வோர் அறைக்கும் சி, டி என்று ஓர் எழுத்தைக் கொடுத்துவிடும். லினக்ஸில் இந்த எழுத்து வழக்கம் இல்லை. எல்லா ஃபோல்டர்களும் ஒரே மரத்தின் கிளைகள். புதிய பார்ட்டிஷனை அந்த மரத்தில் ஏதாவது ஒரு கிளையில் ஒட்ட வேண்டும். அந்த ஒட்டுதல்தான் மவுண்ட். டி டிரைவ் ‘காணாமல் போனது’ என்றால் அது இன்னும் ஒட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

விண்டோஸில் செய்ய வேண்டியவை

விண்டோஸில் நுழையுங்கள். டி டிரைவில் விலைமதிப்பற்றவை எவையோ அவற்றை ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ நகல் எடுத்துவிடுங்கள். நாம் செய்யப்போவது எதுவும் கோப்புகளை அழிக்காது. ஆனால் கை தவறி வேறு பட்டனைத் தட்டினால் அழித்துவிடக்கூடிய செயலிகளைத் திறக்கப்போகிறோம்.

அடுத்து டி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து அதற்கு ஒரு பெயர் வையுங்கள். ஆங்கிலத்தில், ஒரே சொல்லாக, இடைவெளி இல்லாமல். ‘டேட்டா’ என்றே வைக்கலாம். இது அற்பமான வேலை மாதிரித் தெரியும். லினக்ஸில் போய்ப் பார்க்கும்போது ஐந்தாறு பார்ட்டிஷன்களுக்கு நடுவே எது உங்களுடையது என்று சொல்லப்போவது இந்தப் பெயர்தான்.

இப்போது முக்கியமான கட்டம். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. பல கணினிகளில் நாம் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். இது இயங்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் உள் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அரைத் தூக்கத்தில் போகிறது. மறுநாள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு வேகமாக எழுந்துவிடும்.

தூங்கும் விண்டோஸ் தன் டிரைவ்களையும் பாதி திறந்தபடியே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. எந்தக் கோப்பு எங்கே என்ற கணக்கில் ஒரு பகுதி அதன் நினைவில் இருக்கிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் உள்ளே புகுந்து எழுதினால், விண்டோஸ் விழித்ததும் தன் பழைய கணக்கை அதன் மேலேயே எழுதும். கோப்புகள் சிதையும். லினக்ஸுக்கு இது தெரியும். அதனால்தான் திறக்க மறுக்கிறது, அல்லது படிக்க மட்டும் விடுகிறது. கணக்குப் புத்தகத்தை ஒருவர் கையில் வைத்திருக்கும்போது இன்னொருவர் அதில் எழுதக் கூடாது, அதே நியாயம். ஆகவே இந்த மறுப்பைத் தாண்டிக் கட்டாயமாகத் திறக்க வழி சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். விண்டோஸை ஒழுங்காக அணைய வைப்பதுதான் சரியான மருந்து.

கண்ட்ரோல் பேனலைத் திறந்து பவர் ஆப்ஷன்ஸுக்குப் போங்கள். இடது பக்கம் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பு இருக்கும். அதைத் தட்டினால் வரும் பக்கத்தில் கீழே ஷட் டவுன் அமைப்புகள் மங்கலாகத் தெரியும். மேலே, தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதல்லவா, அதைத் தட்டினால் மங்கல் போய்விடும். ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். அந்த வரியே இல்லையென்றால் ஹைபர்னேட் (நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது) வசதியே அணைந்திருக்கிறது என்று பொருள். உங்களுக்கு வேலை மிச்சம்.

விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்று வந்த பிறகு அந்த டிக் மறுபடி வந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு. ‘நேற்றுவரை திறந்தது, இன்று திறக்கவில்லை’ என்றால் முதலில் இங்கே வந்து பாருங்கள். அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. விண்டோஸில் ‘ஷட் டவுன்’ கொடுக்காமல் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, வரும் பட்டியலில் லினக்ஸைத் தேர்ந்தெடுங்கள். ரீஸ்டார்ட் எப்போதும் முழுதாக அணைந்துதான் எழும். பெயரைப் பார்த்தால் நேர்மாறாக அல்லவா தோன்றும்!

விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு லினக்ஸுக்கு வருவதும் இதே கதைதான். அந்தப் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

டிரைவின் படத்தில் பூட்டு தெரிகிறதா? அப்படியென்றால் பிட்லாக்கர் குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிரைவைப் பூட்டும் விண்டோஸ் வசதி, இருக்கிறது. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் இது தானாகவே இயங்கியிருக்கும். லினக்ஸின் டிஸ்க்ஸ் செயலியால் இதையும் திறக்க முடியும். ஆனால் கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்புச் சாவியோ கேட்கும். சாவியை இப்போதே எடுத்து, இந்தக் கணினிக்கு வெளியே எங்காவது எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் தானாகத் திறக்க வேண்டும் என்றால், டி டிரைவுக்கு மட்டும் குறியாக்கத்தை நீக்கிவிடுவது எளிது. வெளியே தூக்கிக்கொண்டு அலையும் மடிக்கணினி என்றால் நான் நீக்க மாட்டேன், சாவியைத் தட்டிக்கொள்வேன்.

கடைசியாக டி டிரைவின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ உள்ளே ‘டூல்ஸ்’ போய் ஒருமுறை ‘செக்’ கொடுத்துவிடுங்கள். என்டிஎஃப்எஸ்ஸில் பழுது இருந்தால் அதைச் சரியாக நீக்கும் கருவி விண்டோஸிடம்தான் இருக்கிறது. லினக்ஸில் உள்ள கருவி மேலோட்டமான சில குறைகளை மட்டும் தீர்க்கும்.

லினக்ஸில் அடையாளம் காண்பது

இனி லினக்ஸ். ஃபைல்ஸ் செயலியைத் திறந்து இடது பக்கப் பட்டையைப் பாருங்கள். அங்கேயோ, அதே பட்டையின் அடியில் ‘பிற இடங்கள்’ என்பதற்குள்ளோ நீங்கள் வைத்த பெயர் தெரியும். ஒரே தட்டு. திறந்துவிட்டதா? உள்ளே ஒரு சோதனை ஃபோல்டர் உருவாக்கிப் பாருங்கள். அதுவும் நடந்தால் உங்கள் பிரச்சினை பாதிக்கு மேல் முடிந்தது. எப்போதாவது ஒரு கோப்பை எடுப்பதற்கு இதுவே போதும்.

ஆனால் கணினியை அணைத்துப் போட்டால் மறுபடி தட்ட வேண்டும். பாட்டுப் பட்டியல், டவுன்லோடு ஃபோல்டர், பேக்கப் எல்லாம் அந்த டிரைவை நம்பியிருந்தால், நீங்கள் தட்டும்வரை அவை வெறும் காற்றைத் தேடிக்கொண்டிருக்கும். ஆகவே கணினி எழும்போதே தானாக ஒட்டிக்கொள்ளும்படி செய்துவிடலாம்.

டிஸ்க்ஸ் செயலியைத் திறங்கள். இடது பக்கம் டிஸ்க்குகளின் பட்டியல். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வலது பக்கம் அதன் பார்ட்டிஷன்கள் கட்டம் கட்டமாக நீளும். இங்கே அளவைப் பார்த்துக் குழம்பக் கூடாது. விண்டோஸ் 1024இன் கணக்கில் அளக்கிறது, இந்தச் செயலி 1000இன் கணக்கில் அளக்கிறது. விண்டோஸில் 200 ஜிபி என்று காட்டிய டிரைவ் இங்கே ஏறத்தாழ 215 ஜிபி என்று தெரியும். இடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளவுகோல்தான் வேறு. பெயரை வைத்து உறுதி செய்யுங்கள்.

100 எம்பி அளவிலோ 500, 600 எம்பி அளவிலோ இருக்கும் குட்டிப் பார்ட்டிஷன்களைத் தொடவே வேண்டாம். கணினி எழுவதற்கும் மீட்புக்குமானவை அவை. சி டிரைவையும் தானாக மவுண்ட் ஆகும்படி வைக்காதீர்கள். விண்டோஸின் சொந்த வீட்டுக்குள் தினமும் கதவைத் திறந்து வைத்தால் என்றைக்காவது கை தவறி எதையாவது அழித்துவிடுவோம்.

நிரந்தரமாக ஒட்டுவது

உங்கள் பார்ட்டிஷன் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழே உள்ள பல்சக்கரப் படத்தைத் தட்டுங்கள். வரும் பட்டியலில் ‘ஃபார்மேட்’ என்ற ஆபத்தான வரியும் இருக்கும், அவசரப்படாதீர்கள். நமக்கு வேண்டியது ‘எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ்’. திறந்ததும் எல்லாம் மங்கலாக இருக்கும். மேலே ‘யூசர் செஷன் டிஃபால்ட்ஸ்’ என்ற சுவிட்சை அணைத்தால் மற்றவை உயிர் பெறும்.

‘மவுண்ட் அட் சிஸ்டம் ஸ்டார்ட்அப்’, ‘ஷோ இன் யூசர் இன்டர்ஃபேஸ்’ இரண்டிலும் டிக் இருக்கட்டும். ‘மவுண்ட் பாயின்ட்’ பெட்டியில் நீளமாக ஏதோ ஒன்று நிரப்பியிருக்கும். அதை அழித்துவிட்டு, எம்என்டி ஃபோல்டருக்குள் டேட்டா என்று வரும்படி எழுதுங்கள். ஒரு சாய்கோடு, எம்என்டி, இன்னொரு சாய்கோடு, டேட்டா. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுவில் இடைவெளி இல்லாமல். அந்த ஃபோல்டர் இல்லையென்றால் அதுவே உருவாகிக்கொள்ளும்.

அதன் கீழே ‘ஐடென்டிஃபை ஆஸ்’ என்று ஒரு தேர்வு. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரிசையில் பெயர் வைக்கும். வரிசை நிலையானது அல்ல. இன்னொரு டிஸ்க்கைச் செருகிவிட்டுக் கணினியைப் போட்டால் இன்றைய எஸ்டிஏ நாளை எஸ்டிபி ஆகலாம். பந்தியில் உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்து ஆளை அடையாளம் சொல்வது மாதிரி அது. யூயூஐடி என்பது ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் உருவாகும்போதே கிடைக்கும் தனி எண். ஃபார்மேட் செய்யாதவரை மாறாது. பட்டியலில் யூயூஐடி என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

மேலே உள்ள நீளமான பெட்டியில் கமா போட்டுப் பிரித்த சில சொற்கள் இருக்கும். அவற்றில் ‘நோஃபெயில்’ என்று ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வழக்கமாக இருக்கும். இந்த டிரைவ் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கணினி எழட்டும் என்பது அதன் பொருள். இதன் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. ஒருமுறை கெத்தாக இந்த வரியைக் கையாலேயே எழுதினேன். யூயூஐடியில் ஓர் எழுத்து விட்டுப்போனது, நோஃபெயிலும் போடவில்லை. கணினி ஒன்றரை நிமிடம் இல்லாத டிரைவுக்காகக் காத்திருந்துவிட்டு, கறுப்புத் திரையில் அவசர நிலை என்று நின்றுவிட்டது.

‘ஓகே’ கொடுத்தால் கடவுச்சொல் கேட்கும். நீங்கள் நிரப்பியதை எல்லாம் இந்தச் செயலி ஈடிசி ஃபோல்டரில் உள்ள எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் ஒரே வரியாக எழுதி வைக்கிறது. கணினி எழும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பைப் படித்துத்தான் எதை எங்கே ஒட்டுவது என்று முடிவு செய்யும்.

உடனே ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். அதே செயலியில் சதுரப் படத்தைத் தட்டி பார்ட்டிஷனைக் கழற்றுங்கள். முக்கோணப் படத்தைத் தட்டி மறுபடி ஒட்டுங்கள். கீழே எம்என்டி, டேட்டா என்ற இடத்தில் மவுண்ட் ஆகியிருப்பதாகக் காட்டினால் எழுதியது சரி. அப்புறம் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். கேடிஇ என்ற வேறு வகை டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் பார்ட்டிஷன் மேனேஜரில் இதே வேலையைச் செய்யலாம்.

திறக்கிறது, எழுத விடவில்லை

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மேலே சொன்ன அரைத் தூக்கம். விண்டோஸுக்குப் போய் ரீஸ்டார்ட் கொடுத்துத் திரும்பி வாருங்கள். அப்படியும் எழுத விடவில்லை என்றால் உரிமைச் சிக்கல். எஃப்எஸ்டேப் வழியாக ஒட்டுவது கணினியின் நிர்வாகி. டிரைவை எந்த மென்பொருள் கையாள்கிறது என்பதைப் பொறுத்து, உள்ளே இருப்பதெல்லாம் நிர்வாகிக்கே சொந்தம் என்று ஆகிவிடும். நீங்கள் வெறும் பார்வையாளர்.

என்டிஎஃப்எஸ் என்றால் மறுபடி அந்த நீளமான பெட்டிக்குப் போங்கள். இருக்கும் சொற்களின் கடைசியில் ஒரு கமா போட்டு யூஐடி=1000 என்றும், இன்னொரு கமா போட்டு ஜிஐடி=1000 என்றும் சேருங்கள். இரண்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல். யூஐடி பயனரின் எண், ஜிஐடி அவருடைய குழுவின் எண். உபுண்டு, மின்ட் இரண்டிலும் நிறுவும்போது முதலில் உருவாகும் பயனருக்கு 1000 என்ற எண்தான் கிடைக்கும். டிரைவின் சொந்தக்காரர் இனி நீங்கள்.

இரண்டாவது பார்ட்டிஷனை விண்டோஸ் பார்க்கவே தேவையில்லை என்று இஎக்ஸ்டி4இல் உருவாக்கியிருந்தால் இந்த எண்கள் வேலை செய்யாது, மவுண்ட் ஆகாமலே போகலாம். அங்கே உரிமை டிரைவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். பல்சக்கரப் பட்டியலில் ‘டேக் ஓனர்ஷிப்’ என்று இருப்பதைத் தட்டினால் ஒரே முறையில் தீர்ந்துவிடும்.

இனிமேல்தான் பார்ட்டிஷன் உருவாக்கப் போகிறீர்களா?

சி டிரைவிலிருந்து இடம் வெட்டுவதை விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ வழியாகவே செய்யுங்கள். தன் சொந்த அறையைச் சுருக்க அதற்கு நன்றாகத் தெரியும். புதிய பார்ட்டிஷனுக்கு என்டிஎஃப்எஸ். ஃபேட்32 என்ற பழைய ஃபைல் சிஸ்டத்தில் 4 ஜிபியைத் தொடும் கோப்பை வைக்க முடியாது, ஒரு நீள வீடியோ போதும் அதைத் தாண்ட. அதற்குப் பின் வந்த எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை, இரண்டு பக்கமும் எழுதலாம். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மீண்டு வர உதவும் குறிப்பேடு அதில் கிடையாது. பென் டிரைவுக்கு எக்ஸ்ஃபேட், உள் டிஸ்க்குக்கு என்டிஎஃப்எஸ் என்பது என் வழக்கம்.

விண்டோஸ் பக்கம் ஒரு கண்ணி

லினக்ஸின் பார்ட்டிஷனைப் பார்க்கும் விண்டோஸ் அதைப் புரியாத ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதற்கு எப்படியோ ஓர் எழுத்து கிடைத்துவிட்டால், பயன்படுத்துவதற்கு முன் இதை ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று கேட்கும். கேன்சல். எத்தனை முறை கேட்டாலும் கேன்சல்தான். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தப் பார்ட்டிஷனின் மேல் வலது கிளிக் செய்து, டிரைவ் எழுத்தை நீக்கும் தேர்வைக் கொடுத்துவிட்டால் தொல்லை ஓய்ந்தது. ‘டிலீட் வால்யூம்’ என்பதைத் தட்டிவிடாதீர்கள், எழுத்தை மட்டும் நீக்குங்கள்.

பயன்படுத்தத் தொடங்கிய பிறகு வரும் சின்னச் சின்ன விஷயங்கள்

கோப்புப் பெயர்கள் ஒரு தனி வேடிக்கை. லினக்ஸ், பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் எல்லாவற்றையும் அனுமதிக்கும். விண்டோஸ் அனுமதிக்காது. லினக்ஸிலிருந்து ‘எங்கே போனாய்?’ என்று கேள்விக்குறியோடு சேமித்த பாட்டு, விண்டோஸில் கண்ணுக்குத் தெரிந்தும் திறக்காமல் போகலாம். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை லினக்ஸ் பார்க்கும், விண்டோஸ் வழக்கமாகப் பார்க்காது. தமிழில் பெயர் வைத்தால் இந்தத் தலைவலி இல்லை, நமக்கு ஒரே எழுத்துதான்!

ஆனால் தமிழுக்கு வேறொரு தொல்லை காத்திருக்கிறது. என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறிகள்வரை இடம் தரும். இஎக்ஸ்டி4 தருவது 255 பைட்டுகள். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. ‘கா’ என்பதே ‘க’ ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகள். ஆக இஎக்ஸ்டி4இல் 85 குறிகளுக்குள் பெயர் முடிந்தாக வேண்டும். டி டிரைவில் நீண்ட தமிழ்த் தலைப்போடு இருக்கும் கட்டுரையை லினக்ஸில் உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுக்கும்போது ‘பெயர் மிக நீளம்’ என்று நின்றால் காரணம் இதுதான். பெயரைச் சுருக்கிவிட்டு நகலெடுங்கள்.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது? ஆவணம், படம், பாட்டு, வீடியோ தாராளமாக. லினக்ஸ் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் அங்கே தூக்கி வைப்பது வேண்டாம். எந்தக் கோப்பை யார் இயக்கலாம் என்று லினக்ஸ் வைத்திருக்கும் உரிமைக் குறிப்புகள் நாம் ஒட்டிய என்டிஎஃப்எஸ்ஸில் அப்படியே தங்காது, செயலிகள் முரண்டு பிடிக்கும். ஹோமில் உள்ள ஆவணங்கள் ஃபோல்டருக்குப் பதிலாக டி டிரைவில் இருப்பதைப் பயன்படுத்த வேண்டுமா? அந்த ஃபோல்டரை ஃபைல்ஸ் செயலியின் இடது பட்டையில் இழுத்து விட்டுப் புக்மார்க் ஆக்கிவிடுங்கள். அநேகம் பேருக்கு இது போதும்.

லினக்ஸில் இருந்துகொண்டு டி டிரைவில் ஒரு பெரிய கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால் திகைக்க வேண்டாம். அழித்தவை அதே டிரைவில், புள்ளியில் தொடங்கி டிராஷ்-1000 என்று முடியும் ஒரு மறைவு ஃபோல்டருக்குள் குவிந்திருக்கும். லினக்ஸில் குப்பைத் தொட்டியைக் காலி செய்தால் அதுவும் காலியாகும். புள்ளியில் தொடங்கினால் மறைப்பது லினக்ஸின் வழக்கம், விண்டோஸுக்கு அது தெரியாது. அதனால் அங்கே போனால் அந்த ஃபோல்டர் வெளிப்படையாகவே உட்கார்ந்திருக்கும். வைரஸ் என்று பயந்து போன் செய்தவர்கள் உண்டு.

எல்லாவற்றையும் பழையபடி மாற்ற வேண்டும் என்றால் ‘எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ்’ திறந்து, முதலில் அணைத்த அந்தச் சுவிட்சை மறுபடி போடுங்கள். எஃப்எஸ்டேப்பில் எழுதிய வரி நீங்கிவிடும். என்னைப் போல் கையால் எழுதிக் கறுப்புத் திரையில் நிற்பவர்கள், லினக்ஸ் நிறுவிய பென் டிரைவிலிருந்து கணினியைப் போட்டு, டிஸ்க்கில் உள்ள லினக்ஸ் பார்ட்டிஷனின் எஃப்எஸ்டேப் கோப்பை நிர்வாகி உரிமையோடு திறந்து, அந்த வரியின் முன்னால் ஒரு # போட்டுச் சேமித்தால் போதும். கணினி அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய் வழக்கம்போல எழுந்துவிடும்.